பேண்ட் காட்டும் 98ஐ நம்பலாமா?

சத்துவாச்சாரியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளுக்கு, அவளுடைய தாய்மாமன் நான்கு மாதங்களுக்கு முன்பு கையில் கட்டும் ஸ்மார்ட் பேண்ட் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்று முதல், எழுந்தவுடன் தூக்கத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்க்கிறாள். கலோரி மிகுந்துவிட்டது என்று இரவில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதே, முகம் வெளுத்திருக்கிறதே என்று நீங்கள் கேட்டால், "ஆக்சிஜன் 98 இருக்கிறது அம்மா, எனக்கு ஒன்றும் இல்லை" என்று பேண்டைக் காட்டுகிறாள். இதைக் கழற்றி வைக்கச் சொல்வதா, உடல்நலத்தைப் பற்றி அவளாகவே கற்றுக்கொள்கிறாள் என்று விட்டுவிடுவதா என்பது உங்கள் கேள்வி.

கழற்ற வேண்டாம். ஆனால் அந்த 98ஐ வைத்துக்கொண்டு அவளுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்யவும் வேண்டாம். இந்த வாரமே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். நான் மருத்துவன் அல்லன். வேலூர் வட்டாரப் பள்ளிகளில் 28 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கடைசிச் சில ஆண்டுகளில் மாணவர்கள் இந்தக் கருவிகளைக் கட்டிக்கொண்டு வரத் தொடங்கியதால், ரத்த ஓட்டப் பாடத்தை அவற்றை வைத்தே நடத்திப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: பேண்ட் நேராக அளப்பது மிகக் குறைவு, அதிலிருந்து ஊகிப்பது மிக அதிகம். இரண்டையும் ஒரே திரையில், ஒரே அழுத்தமான எழுத்தில் காட்டுவதால், பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள்.

அளப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். பேண்டைத் திருப்பிப் பார்த்தால் பச்சை வெளிச்சம் மினுக்குவது தெரியும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் சற்றுப் பெருகுவதால், திரும்பி வரும் வெளிச்சம் சற்றுக் குறைகிறது. அடுத்த துடிப்புக்கு முன் மீண்டும் கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு கிடைத்துவிடும். ஆக்சிஜனுக்குச் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் வேண்டும். ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபினும் ஏற்றாத ஹீமோகுளோபினும் அவ்விரண்டையும் வெவ்வேறு அளவில் விழுங்குவதால், விகிதத்தைக் கணக்கிட முடிகிறது. துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் போதும் என்ற நுட்பத்தை 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் தகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். கொரோனா காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் அவருடைய சிந்தனையில் பிறந்ததுதான். இவை தவிர, கை எவ்வளவு வேகமாக எந்தத் திசையில் அசைகிறது என்பதைச் சொல்லும் முடுக்கமானி ஒன்று பேண்டுக்குள் இருக்கிறது. பெரும்பாலான பேண்டுகளில் உடலைப் பற்றிய முதல் தகவல் இந்த ஒளியிலிருந்தும் அசைவிலிருந்தும்தான் வருகிறது. அடி எண்ணிக்கை, கலோரி, ஆழ்ந்த உறக்கம், மன அழுத்தம், 'உடல் வயது' என்று திரையில் வரும் மற்றவையெல்லாம் இவற்றின் மேல் கட்டப்பட்ட கணக்குகள்.

வகுப்பில் ஒருநாள் ஒரு மாணவனின் பேண்டைக் கழற்றி வாழைப்பழத்தின் மேல் கட்டச் சொன்னேன். சிறிது நேரம் தடுமாறிவிட்டு, பழத்துக்கு நிமிடத்துக்கு எழுபத்துச் சொச்சம் துடிப்பு இருப்பதாக அது காட்டியது. வகுப்பே சிரித்தது. பாடம் என்னவோ சிரிப்புக்குரியதல்ல: திரும்பி வரும் வெளிச்சத்தில் ஏதாவது ஒரு ஏற்ற இறக்கம் கிடைத்தால், அது துடிப்பாகத்தான் இருக்கும் என்று கருவி எடுத்துக்கொள்கிறது. பட்டை தளர்ந்திருந்தால், கை சில்லிட்டிருந்தால், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் மனிதக் கையிலும் இதே தடுமாற்றம் வரும். பிறகு எல்லோரையும் ஒரு நிமிடம் முழுமையாக விரல் வைத்து நாடியை எண்ணச் சொல்லி, பேண்ட் காட்டியதோடு ஒப்பிட்டோம். அசையாமல் அமர்ந்திருந்தபோது இரண்டு மூன்று துடிப்புக்கு மேல் வேறுபாடு இல்லை. மைதானத்தை ஓடிச் சுற்றி வந்தவுடன் சிலருக்குப் பதினைந்து, இருபது என்று விலகியது. ஓய்வில் இருக்கும்போது காட்டும் நாடித் துடிப்பை நம்பலாம் என்று நான் சொல்வது இந்த அனுபவத்தால்தான்.

இனி அந்த 98. உங்கள் மகளின் விஷயத்தில் முக்கியமானது இதுவே என்பதால் சற்று நின்று சொல்கிறேன். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் நூறு இருக்கைக்குத் தொண்ணூற்றெட்டு நிரம்பியிருக்கிறது என்று ஒருவர் எண்ணிச் சொல்கிறார். அது சரியான எண்ணிக்கையாகவே இருக்கலாம். ஆனால் அன்றைக்கு இருபது பஸ் ஓடியதா, பன்னிரண்டுதான் ஓடியதா என்பதை அந்த எண் சொல்லாது. ஆக்சிமீட்டர் செய்வதும் அதே. இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். ஹீமோகுளோபின் போதுமான அளவு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும் என்பது பாடநூல் கணக்கு. 100 மி.லி. ரத்தத்தில் 13 கிராம் ஹீமோகுளோபின் உள்ள பெண்ணுக்கு 98 விழுக்காட்டில் அந்த ரத்தத்தில் சுமார் 17 மி.லி. ஆக்சிஜன் போகிறது, 8 கிராம் மட்டுமே உள்ள பெண்ணுக்கு, அதே 98 விழுக்காட்டில், சுமார் 10.5 மி.லி.தான் போகிறது. இருவர் கையிலும் பேண்ட் 98 என்றே காட்டும். இரண்டாமவள் மாடி ஏறினால் மூச்சு வாங்குவாள், பாடம் படிக்க உட்கார்ந்தால் சோர்ந்து போவாள், முகம் வெளுத்திருப்பாள்.

இது எங்கோ ஒருவருக்கு வரும் குறையும் அல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கு இருக்கக்கூடிய ஒரு குறையைக் கண்டுபிடிக்க முடியாத கருவி, அதே பிள்ளையிடம் "நீ நலம்" என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வாரந்தோறும் கொடுக்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகத்தான். அதில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. குமட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது என்று பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிந்ததை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் தனியார் பள்ளியில் படிப்பதால் அந்த மாத்திரையும் அவளுக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி நோயாளிகள் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். இதே ஊரில் இருந்துகொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடிய ஒரு எளிய ரத்தப் பரிசோதனையை நாம் தள்ளிப்போடுகிறோம்.

ஆக்சிஜன் எண்ணைப் பற்றி இன்னொன்றும் உண்டு. கருத்த தோலில் இந்த ஒளிக் கணக்கு சற்றுத் தவறக்கூடும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் ஆக்சிமீட்டர் அதைத் தவறவிட்டது, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அது மருத்துவமனைகளில் பயன்படும் கருவியைப் பற்றியது. மணிக்கட்டில் கட்டும் விளையாட்டுப் பொருளை அதற்கு மேலாக நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை. உற்பத்தியாளர்களே வயது வரம்பு எழுதி வைத்திருப்பதும் பலருக்குத் தெரியாது: ஆப்பிள் வாட்ச்சில் ஆக்சிஜன் அளவு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஈசிஜி 22 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டுவதாக விற்கப்படும் வாட்ச், மோதிரம் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால், மகளின் பேண்டில் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்கும் வேலை வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. கலோரி எண்ணை நம்பி அவள் பாதியில் எழுந்திருப்பதுதான், என் பார்வையில், இந்தக் கருவி உங்கள் வீட்டில் செய்திருக்கும் மெய்யான கெடுதல். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். நாடித் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 விழுக்காட்டுக்குள்ளான பிழையோடு காட்டின. செலவான கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது; மோசமானது 93 விழுக்காடு தவறியது. அவர்கள் எல்லோரும் வயது வந்தவர்கள். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையின் உடலுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதோடு, பேண்டின் செயலியைத் திறந்து, அதில் யாருடைய பெயர், வயது, எடை பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். கடையிலிருந்து வாங்கிய மாமா தம் விவரங்களைப் போட்டு இயக்கிக் காட்டிவிட்டு அப்படியே கொடுத்துவிடுவது வழக்கம். என் மாணவி ஒருத்தி பல மாதங்கள் 45 வயது ஆணாக இருந்தாள்.

உள்ளே போகும் கலோரியின் கணக்கு அதைவிடக் கோளாறு. ஒரு உருண்டை கேழ்வரகுக் களி என்று செயலியில் தேடினால், யார் வீட்டு உருண்டை? என் தாயார் உருட்டியது என் பேத்தியின் இரண்டு கைக்குள் அடங்காது. ஆம்பூர் பிரியாணி ஒரு பிளேட் என்பதும் கடைக்குக் கடை மாறும். இந்திய உணவுகளைப் பற்றி நம்பத்தகுந்த அட்டவணை வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 528 உணவுப் பொருள்களைப் பகுப்பாய்வு செய்து 2017இல் வெளியிட்டது இருக்கிறது. உங்கள் மகள் அதைப் புரட்டினால் கலோரியைத் தவிர வேறு எத்தனையோ இருப்பதைக் காண்பாள்: 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி.க்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை என்பது போன்றவை. எடையைப் பற்றி அவள் கவலைப்பட்டால், பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எடைக் கணக்கு) 18.5 முதல் 25 வரை என்று செயலி காட்டும் வரம்பு வயது வந்தவர்களுக்கானது என்று சொல்லுங்கள். 18 வயது வரைக்கும் வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் குழந்தை மருத்துவரிடம் இருக்கும். கல்லூரி மாணவர்களிடையே நடந்த ஆய்வுகளில், கலோரி எண்ணும் பழக்கமும் உணவைக் கண்டு அஞ்சும் மனப்போக்கும் சேர்ந்தே காணப்பட்டிருக்கின்றன. எது எதற்குக் காரணம் என்று அவை முடிவாகச் சொல்லவில்லை. ஆனாலும் சாப்பாட்டைத் தவிர்ப்பது சில வாரங்கள் நீடித்தாலோ மாதவிடாய் நின்றுபோனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனம் விட்டுப் பேச 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், இருக்கிறது. கலோரிப் பகுதியை மட்டும் செயலியில் மறைத்து வைக்க முடியும். அதை அவளோடு உட்கார்ந்து, அவள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். அவள் தூங்கும்போது நீங்கள் போனை எடுத்துச் செய்யாதீர்கள்.

அடிகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 10,000 என்ற எண், டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு ஆண்டு, 1965இல், ஒரு ஜப்பானிய நிறுவனம் தன் அடி எண்ணும் கருவிக்கு வைத்த விற்பனைப் பெயரிலிருந்து வந்தது. மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்வது அடிக்கணக்கே அல்ல, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு. சைக்கிளில் போகும்போது கைப்பிடியில் கை அசையாமல் இருப்பதால் பேண்ட் பெரும்பாலும் எதையும் எண்ணாது. குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனால் சில நூறு அடிகளை இலவசமாகக் கொடுக்கும்.

தூக்கத்துக்கு வருவோம். எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதைப் பேண்ட் ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த உறக்கம் இவ்வளவு, கனவு உறக்கம் இவ்வளவு என்று பிரிப்பது, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து உறக்க ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை. கை அசைவையும் துடிப்பையும் வைத்துச் செய்யும்போது அது ஊகம்தான். அந்த ஊகத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று எண் கொடுத்துவிட்டால், நம் ஊரில் அது உடனே மதிப்பெண் ஆகிவிடுகிறது. தூக்கத்திலும் சென்டம் எடுக்க வேண்டும் என்ற கவலையிலேயே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதி, அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்தார்கள். 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். வளரிளம் பருவத்தில் உறக்கம் வரும் நேரமே இயல்பாகப் பின்னால் தள்ளிப்போகும். இரவு பதினொன்றரைக்குத் தூங்கி, காலை ஐந்தரை மணி டியூஷனுக்கு எழுந்து ஓடும் பிள்ளைக்குப் பேண்ட் குறைந்த எண் காட்டினால், பேண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை ஆறு மணிக்குத் தனி வகுப்பு எடுத்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு என்பதால் இதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பெரும்பாலான செயலிகளில் மாதவிடாய் நாள்களைப் பதியும் பகுதி இருக்கும். அது 28 நாள் சுழற்சியைத் தொடக்கக் கணக்காக வைத்து, 'தாமதம்' என்று பயமுறுத்தும். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்பே. தேதியைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். ரத்தப்போக்கு எத்தனை நாள் நீடிக்கிறது, எத்தனை நாப்கின் மாற்றுகிறாள் என்பதையும் குறித்தால் ரத்தசோகையின் காரணத்தைத் தேடும் மருத்துவருக்கு உதவும். ஆனால் அதை ஒரு நோட்டில் எழுதினாலே போதும். ஃப்ளோ என்ற புகழ்பெற்ற மாதவிடாய்ச் செயலி, பயனாளர்களின் உடல்நிலைத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2021இல் அதோடு உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்களுடைய தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு அவளுக்குக் கிட்டாது. இருப்பிடம், தொடர்பு எண்கள் ஆகியவற்றுக்கான அனுமதியை அணைத்துவிடுங்கள். நாடித் துடிப்பை எண்ண அவை தேவையில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் கழற்ற வேண்டாம் என்கிறேன் என்றால், ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தன் உடலைத் தானே ஆராய்ந்து பார்க்க இதைவிட எளிய கருவி என் காலத்தில் இருந்ததில்லை. என் மாணவர்கள் சிலர், விழித்தவுடன் படுக்கையிலிருந்து எழாமல் நாடித் துடிப்பைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். பிப்ரவரியில் எழுதிய எண்களையும், நம் ஊரில் 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி வெயில் காலத்தில் எழுதிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வெயிலில் துடிப்பு ஏறுவதை அவர்களே கண்டார்கள். காய்ச்சல் வந்த நாளில் ஏறியது. தேர்வுக்கு முந்தைய நாளும் ஏறியது. ஒருவன் தினமும் மாலையில் கோட்டை அகழியோரம் ஓடிவிட்டு, மூன்று மாதத்தில் தன் ஓய்வுத் துடிப்பு ஆறு குறைந்ததை வரைபடமாக வரைந்து கொண்டுவந்தான். அந்த வரைபடத்தில் செயலி கொடுத்த மதிப்பெண் எதுவும் இல்லை. அவன் குறித்த தேதியும் எண்ணும்தான்.

உங்கள் மகளுக்கும் அதைத்தான் சொல்வேன். நாளை காலை முதல், விழித்தவுடன் அசையாமல் படுத்தபடியே ஓய்வுத் துடிப்பைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். வாரம் ஒருமுறை விரலாலும் எண்ணிச் சரிபார்க்கட்டும். இதற்கிடையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 15 வயதைக் கடந்த பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 8க்குக் கீழே போனால் அது கடுமையானது. குறைவாக இருந்தால் எந்த மாத்திரை, எத்தனை நாள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அவர் இரும்பு மாத்திரை கொடுத்தால், அதைச் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது டீ, காபி கொடுக்காதீர்கள். ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறையும்போது இதயம் கூடுதலாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும். அதனால், இரண்டு மூன்று மாதச் சிகிச்சைக்குப் பிறகு ஹீமோகுளோபின் ஏறியிருந்தால், அவளுடைய நோட்டில் காலைத் துடிப்பு சற்று இறங்கியிருக்க வாய்ப்புண்டு. அந்த மாதங்கள் முழுவதும் ஆக்சிஜன் எண் மட்டும் அசையாமல் 98லேயே நின்றிருக்கும். இரண்டையும் அவளே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.